தூண் தலையில் சீமைச்சக்கை இலை

சிதறால் மலையின் மேலே, பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் சமணத் தீர்த்தங்கரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். கை இரண்டையும் முன்னால் கட்டியிருந்தேன். கண் பாதி மூடியிருந்தது. வாய் மட்டும் நிற்காமல் ஓடியது.

“இடப்பக்கம் முதலில் நாம் காண்பது, முக்குடையின் கீழ் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர். அவருக்கு அடுத்து, சிங்கத்தோடும் குழந்தைகளோடும் நிற்கும் பெண் உருவம்…”

சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டினேன். எதிரே வெயிலில் நின்ற பயிற்சி வகுப்புக்காரர்கள் எல்லோரும் நான் நீட்டிய பக்கம் பார்த்தார்கள். பார்த்தவர்கள் மறுபடி என்னைப் பார்த்தார்கள். கொல்லாமரங்களின், அதாவது முந்திரி மரங்களின், பக்கமிருந்து காற்று வந்தது. கீழே விழுந்து நசுங்கிய கொல்லாம்பழத்தின் புளித்த மணம் அதில் இருந்தது.

“தங்கச்சி,” என்றார் என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த மைதீன் காக்கா. “நீ சொல்லுத அம்மா அந்தப் பக்கம்லா நிக்கா. நீ கை காட்டுத எடத்துல ஒரு ஓந்தான்தான் கெடக்கு.”

உண்மைதான். வெறும் பாறையில் ஒரு ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. சிலைகளைப் பார்த்து நின்றால் எது இடப்பக்கமோ, அது முதுகைக் காட்டி நின்றால் வலப்பக்கம். இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. ஏனென்றால் நான் பாறையைப் பார்த்துப் படிக்கவில்லை, பயிற்சி வகுப்பில் தந்த குறிப்பைப் பார்த்துப் படித்திருந்தேன்.

பாடம் எடுத்த சார் நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அம்மா, ஒருதடவ திரும்பிப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்,” என்றார்.

திரும்பினேன். ஐம்பதை நெருங்கும் வயதில், ஒரு சிலையை நேருக்கு நேராக நான் பார்த்தது அன்றுதான்.

வசனம் மட்டும் போட்ட காலண்டர்

இந்தத் தொடரில் இதுவரை நான் டிக்கெட் போட்ட காலத்துக் கதைகளையே எழுதி வந்தேன். போன வாரக் கதையைப் படித்த அஞ்சுகிராமத்து வாசகி ஒருவர், “பஸ் டிக்கெட் போட்டுக்கிட்டு இருந்த நீங்க எப்படிக்கா சிலையப் பத்திப் பேசுத ஆளா மாறினிய?” என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக் காலண்டரிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் குலசேகரத்துக்குப் பக்கம். ரப்பர் மரங்களுக்கு நடுவே, வெள்ளைக்காரப் போதகர்கள் காலத்தில் கட்டிய சீர்திருத்தச் சபை. ஆலயத்துக்குள் சொரூபம் கிடையாது, படம் கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். சுவரில் தொங்கிய ஒரே படம் காலண்டர். அதிலும் வசனம்தான் பெரிதாக இருக்கும். வசனத்துக்குப் பின்னால் ஒரு அருவியோ மலையோ மங்கலாகத் தெரியும். அருவிக்குத் தடையில்லை.

சின்ன வயதில் அம்மாவோடு பேருந்தில் போகும்போது கோயில் கோபுரம் வந்தால், “தரையப் பாரு,” என்பார். கடற்கரைப் பக்கம் போனால் தெருமுனைக்குத் தெருமுனை குருசடி, உள்ளே மாதா, அந்தோணியார். அங்கேயும் தரையைப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் போய்வந்தால் பார்த்தது எல்லாம் பேருந்தின் தரையும் அடுத்தவர் செருப்பும்தான். அம்மாவுக்கு யார் மீதும் வெறுப்பில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்தால் சந்தோஷமாக வாங்கிக் குடிப்பார். பார்ப்பதுதான் கூடாது.

இன்னொன்று, மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டி என்றால் பரிசு எனக்குத்தான். கையைக் கட்டி, கண்ணை மூடி, மூச்சுவிடாமல் சொல்வேன். எங்கள் சபைப் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான் வளர்ந்தோம். எதைப் படித்தாலும் வசனம் மாதிரிதான் படிப்போம். சிதறால் பாறைக்கு முதுகைக் காட்டி நான் ஒப்பித்தது அந்தப் பழக்கத்தில்தான். வேறு சபைக்காரராக இருந்தால் இந்தத் தப்பு வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

கவுண்டர் மூடிய பிறகு

பல வருடம் ஒரு டிராவல்ஸ் கடையில் உட்கார்ந்து டிக்கெட் போட்டேன். வட இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு வட்டக்கோட்டைக்கு எப்படிப் போக வேண்டும், பத்மநாபபுரம் அரண்மனை எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நான் ஒரு இடத்துக்கும் போனதில்லை. பிறகு எல்லோரும் கைபேசியிலேயே டிக்கெட் போடத் தொடங்கினார்கள். முதலாளி ஒருநாள் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, “இனி முடியாதும்மா,” என்றார்.

என் வீட்டுக்காரர் ஞானதாஸ் ரப்பர் பால் வெட்டுகிறவர். மழை பிடித்தால் வெட்டு இல்லை. எங்கள் ஊரில் மழை எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு முழங்கால் வலியும் வந்துவிட்டது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு நடப்பார். நான் சம்பாதித்தே ஆக வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பயிற்சி என்று அறிவிப்பு வந்தது. பயிற்சி முடிந்ததும் தேர்வு. தேர்வில் தேறினால் கழுத்தில் மாட்டும் அட்டை. அட்டை இருந்தால் ஆட்களை அழைத்துப் போய்க் காட்டலாம். எனக்கு அந்த அட்டை வேண்டும். ராத்திரி ஜெபத்தில் வெட்கமில்லாமல் அதை மட்டும் கேட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு விருப்பமில்லை.

“கண்ட சிலைக்கு முன்னால நின்னு கதை சொல்லுதது நமக்கு ஒத்து வருமா? சபையில நாலு பேரு கேப்பாவ,” என்றார்.

“கும்பிடவா போறேன்? காட்டத்தானே போறேன்.”

“பாத்துக்கிட்டே நின்னா அது கும்பிட்ட மாதிரிதான்.”

அம்மா சொன்ன அதே பேச்சு. எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிதறாலில் நான் திரும்பாமல் நின்றதற்கு மனப்பாடம் பாதிக் காரணம். மீதி அந்தப் பயம்.

தாமரையைப் பார்க்காதவன் வரைந்த தாமரை

மைதீன் காக்கா தேங்காப்பட்டணத்துக்காரர். அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். வகுப்பில் எல்லோருக்கும் அவர் காக்காதான். வளைகுடாவில் ஒரு அருங்காட்சியகத்தில் காவலாளியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். காவல் என்றால் நிற்பது. ஒரே கூடத்தில், ஒரே கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றிருக்கிறார்.

மலையிலிருந்து இறங்கி, கீழே கடையில் பழம்பொரியும் சாயாவும் சாப்பிட்டோம். ஓணான் என் மனதை விட்டுப் போகவில்லை.

“நம்மளுக்கு நேர் எதிரு நீ,” என்றார் காக்கா. “நமக்கு ஒரு நூற்றாண்டும் மண்டையில நிக்காது. ராஜாக்கமாரு பேரு ஒண்ணு வந்தா ஒண்ணு போவும். ஆனா பாக்கதுக்குத் தெரியும்.”

“எப்படி காக்கா பாக்கது? கல்லு கல்லாத்தான் இருக்கு.”

அப்போதுதான் அந்தத் தட்டின் கதையைச் சொன்னார். அவர் காவல் நின்ற பெட்டிக்குள் ஒரு பீங்கான் தட்டு. வெள்ளையில் நீலம். சீனாக்காரர்கள் செய்த தட்டைப் பார்த்து, ரொம்ப தூரத்தில் பாலைவனத்துப் பக்கத்தில் யாரோ ஒருவர் செய்தது. நடுவில் ஒரு தாமரை.

“மொதல்ல நான் நெனச்சேன், இது என்ன முட்டகோசான்னு. இதழு எல்லாம் அடுக்கடுக்கா, தடியா. பொறவு தினமும் பாத்துப் பாத்துத்தான் மனசிலாச்சு. அவன் தாமரையக் கண்ணால பாத்ததே இல்ல. தட்டுல உள்ள படத்தப் பாத்து வரச்சிருக்கான். தெரியாத எடத்துல எல்லாம் தனக்குத் தெரிஞ்ச எலையப் போட்டு ரொப்பி வச்சிருக்கான். நம்ம குளத்துல எம்புட்டுத் தாமரை. ஒண்ணு கொண்டு காட்டியிருந்தா பாவம், செரியா வரச்சிருப்பான்.”

அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசினார்.

“செஞ்சவனுக்கு என்ன தெரியும்னு போர்டுல எழுதியிருக்கும், தங்கச்சி. அவனுக்கு என்ன தெரியாதுன்னு நீ பாரு. அந்த எடத்துலதான் ஆளு தெரிவான்.”

கலையைப் பற்றி எனக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு சார் எவ்வளவோ சொல்லித்தந்தார். திரையில் கிரேக்க நாட்டுத் தூண்களைக் காட்டினார், தூண்களின் தலையில் முள்செடி இலையைக் கொத்து கொத்தாகச் செதுக்கியிருந்தார்கள். எகிப்துச் சுவர்களைக் காட்டினார், ஜப்பானில் மரத்தில் செதுக்கி அச்செடுத்த அலைகளைக் காட்டினார். எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்வி. இந்த ஆளுக்கு என்ன தெரியாது? அந்தக் கேள்வியோடு பார்க்கும்போது கும்பிடுவோமோ என்ற பயம் வரவில்லை. கல்லுக்குப் பின்னால் நின்று தலையைச் சொறிகிற ஒரு மனிதர்தான் வந்தார்.

பாட்டாகப் போன ராஜாக்கள்

காக்காவுக்கு நானும் சும்மா இருக்கவில்லை. ராஜாக்கள் வரிசை அவருக்கு நிற்கவில்லை அல்லவா, அதை ஓய்வுநாள் பள்ளிப் பாட்டு மெட்டில் போட்டுக் கொடுத்தேன். ஆய் மன்னர், பாண்டியர், சோழர், வேணாட்டரசர் என்று கையை ஆட்டி, விரலை மடக்கிப் பாட வேண்டும். சோழர் வரும்போது ஒரு கைதட்டல். தாடி வைத்த மனிதர் பேருந்தில் உட்கார்ந்து விரல் மடக்கிப் பாடுவதைப் பார்த்து நடத்துனர் எங்கள் பக்கம் வராமல் பின்வாசல் வழியாகவே போய்விட்டார்.

இரண்டு பேரும் விடுமுறை நாட்களில் இடம் இடமாகப் போனோம். பத்மநாபபுரத்தில் மரக்கூரையில் செதுக்கிய பூக்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் இடமான ஒரு நிழல் தாங்கலுக்குப் போனோம். உள்ளே சிலை கிடையாது, ஒரு நிலைக்கண்ணாடியும் விளக்கும்தான். காக்கா அங்கே ஆண்கள் செய்வது போலத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் நான். இரண்டு பேர் முகமும் கண்ணாடியில் தெரிந்தது.

“இஞ்ச பாரு,” என்று மெதுவாகச் சொன்னார், “நாமதான் இருக்கோம்.”

எங்கள் மாவட்டம் கைக்குட்டை அளவுதான். அதற்குள் கல்லில் ஆயிரம் உருவம் வைத்தவர்கள் இருக்கிறார்கள், மரத்தில் மாதா செய்து தேரில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், கண்ணாடி மட்டும் வைத்தவர்கள் இருக்கிறார்கள், உருவமே வேண்டாம் என்று எழுத்தை மட்டும் அழகாக எழுதி வைத்த காக்காவின் ஆட்களும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே பேருந்தில் போய் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம். இதை எல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டே கடந்திருக்கிறேன்.

எங்கள் சபையை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. எங்களிடம் ஒன்றும் இல்லை என்றே நினைத்தேன்.

சீட்டு

தேர்வுக்கு முந்தைய வாரம் இடங்களைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். யாருக்கு எந்த இடம் வருகிறதோ அங்கே நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். பிறகு சென்னையிலிருந்து வரும் அதிகாரி கேள்வி கேட்பார்.

நான் சிதறால் வேண்டுமென்று ஜெபித்தேன். ஒவ்வொரு உருவமும் இப்போது எனக்குத் தெரியும். எந்த முகம் தேய்ந்திருக்கிறது, எந்தக் கை மடியில் எப்படி இருக்கிறது என்று கண்ணை மூடாமலே சொல்வேன்.

காக்காவுக்கு வட்டக்கோட்டை வந்தது. என் சீட்டைப் பிரித்தேன். ‘மிஷன் கால ஆலயம்’ என்று இருந்தது.

“உங்க ஊர்லயே ஒண்ணு இருக்குல்லா,” என்றார் சார். “அங்கயே வச்சுக்கலாம்.”

எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். சொந்த ஊர், சொந்தக் கோயில், உனக்கு என்னம்மா என்றார்கள். நான்கு வெள்ளைச் சுவர். அதைப் பற்றிப் பத்து நிமிடம் என்ன பேசுவது? சுவர் வெள்ளையாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் சொல்லலாம். மீதிக்கு?

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஞானதாஸ் ரப்பர் வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“நல்லதாப் போச்சு,” என்றார். “கோயில்ல பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல. நீயும் பாக்க வேண்டாம்.”

கேலியாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஒன்றுமில்லாத கோயில்

மறுநாள் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். அந்த வருடம் சபைக் கமிட்டியில் அவர் இருந்ததால் சாவி எங்கள் வீட்டில்தான். கதவைத் திறந்ததும் மூடிக்கிடந்த வாசனையும் வௌவால் வாடையும் வந்தன. நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். பெண்கள் பக்கம், இரண்டாம் தூணுக்கு அருகே.

பிறந்ததிலிருந்து அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பிரசங்கம் நீண்டால் அதில்தான் சாய்வேன். எங்கள் கல்யாணப் போட்டோவில் பின்னால் அதுதான் நிற்கிறது.

பீடத்துக்கு மேலே வளைவாக எழுதியிருந்த வசனத்தைப் பார்த்தேன். வசனத்தைப் படிக்காமல் எழுத்தை மட்டும் பார்த்தேன். எழுதியவர் இடம் போதாமல் கடைசி எழுத்துகளைக் கொஞ்சம் நெருக்கியிருந்தார். எத்தனை வருடம் வாசித்தும் கண்ணில் படாதது அது. காக்கா சொன்ன பள்ளிவாசல் எழுத்துகள் ஞாபகம் வந்தன. அவர்களும் எங்களை மாதிரித்தான் உருவத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

பிறகு ஜன்னலைப் பார்த்தேன். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். அது தூணில் ஏறி, மேலே தலைப்பகுதியில் நின்றது.

தூணின் தலையில் இலை இருந்தது.

சுண்ணாம்புக் காரையில் செய்த இலை. சுற்றிலும் வரிசையாக, நுனி வெளியே மடங்கி. மேலே மேலே அடித்த வெள்ளையில் மொழுக்கென்று ஆகியிருந்தது. சார் திரையில் காட்டிய கிரேக்கத் தூண் மாதிரிதான். ஆனால் அந்த முள்செடி இலை இது இல்லை. இது அகலம். ஓரத்தில் விரல் விரலாக ஆழமான வெட்டு. நடு நரம்பு தடிப்பு.

எனக்குத் தெரிந்த இலை. எங்கே பார்த்தோம் என்று யோசித்தபடி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். பழைய மிஷன் பங்களா இருந்த இடத்தில், வெளியூரில் கறிப்பலா என்பார்களே, அந்தச் சீமைச்சக்கை மரம் நின்றது. நாங்கள் வறுத்துத் தின்னும், குழம்பு வைக்கும் அதே சீமைச்சக்கை. விரல் விரலாக வெட்டுப்பட்ட பெரிய இலைகள் வெயிலில் அசைந்தன.

வெளிநாட்டுப் போதகர் தன் நாட்டு முறைப்படி தூண் வேண்டுமென்று காகிதத்தில் ஒரு இலையைக் கிறுக்கிக் காட்டியிருக்கலாம். எங்கள் ஊர்க் கொத்தனார் அந்த இலையைக் கண்டதில்லை. தலையைச் சொறிந்துகொண்டு வெளியே பார்த்திருப்பார். கண்ணில் பட்டதை வைத்துவிட்டார். தாமரையைக் காணாதவர் தட்டில் வைத்தது போல இவரும் தெரியாத இடத்தில் தெரிந்ததை வைத்திருக்கிறார்.

ஆளில்லாத கோயிலில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முந்தின நாள் முதல் நெஞ்சில் கிடந்த பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து அவரிடம் மெதுவாகக் கேட்டேன். வருடா வருடம் அசனத்துக்கு முன்னால், ஊர் கூடிச் சாப்பிடும் அந்த விருந்துக்காக, ஆலயத்துக்கு வெள்ளையடிப்பது அவரும் அவர் கூட்டாளிகளும்தான்.

“தூணுக்கு மேல இருக்குத எலையப் பாத்திருக்கியளா?”

“எந்த எல?”

“நீங்க வெள்ளையடிக்குத எல.”

“அது எலையா?” என்றார். கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்தார். “இடுக்குல பிரஷ் போவாது. வெரலால தேச்சுத்தான் விடணும்.”

பத்து நிமிடம்

தேர்வன்று காலையில் வட்டக்கோட்டையில் காக்கா முடித்துவிட்டு, வெளியே காத்திருந்த எங்களோடு வண்டியில் வந்தார். கோட்டைக் கல்லில் செதுக்கிய மீனைக் காட்டி, “இது கடல் மீன் இல்ல மேடம், குளத்து மீனாக்கும். கடல்பக்கம் நின்னுக்கிட்டு தன் ஊர்க் குளத்து மீனச் செதுக்கியிருக்கான்,” என்று அதிகாரியிடம் சொன்னாராம். ராஜாக்கள் வரிசை கேட்டபோது முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கினாராம். சோழர் வந்தபோது கை தட்டாமல் இருக்கத்தான் கஷ்டப்பட்டேன் என்றார்.

எங்கள் ஆலயத்துக்கு வந்தோம். அதிகாரி மெல்லிய குரலில் பேசும் பெண். ஞானதாஸ் கதவைத் திறந்துவிட்டு, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

நான் கையைக் கட்டவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

“இங்க படம் ஒண்ணும் இல்ல. மறந்து விட்டது இல்ல அது. கண்ணு எங்க போகக்கூடாதுன்னு யோசிச்சுக் கட்டியிருக்காங்க. அப்போ அது எங்க போகும்னு பாருங்க,” என்று தொடங்கினேன். வளைவு எழுத்துக்கு அழைத்துப் போனேன். நெருக்கிப் போட்ட கடைசி எழுத்துகளைக் காட்டினேன். பள்ளிவாசல் எழுத்தைப் பற்றிச் சொன்னேன், காக்கா தலையாட்டினார். ஜன்னல், வெளிச்சம், தூண். பிறகு இலை.

சொல்லி முடித்தேன். அதிகாரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சீமைச்சக்கை இலைன்னு எப்படிச் சொல்றீங்க? இவ்வளவு சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. எதாவது ஆதாரம் இருக்கா?”

“எழுத்துல ஒண்ணும் இல்ல மேடம். எனக்கு அப்படித் தெரியுது.”

“தெரியுதுங்கறது போதாதே,” என்றார் அவர். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் பேனா தாளின் மேல் காத்திருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினேன். ஞானதாஸ் கதவைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தார். கோயிலுக்குள் நின்று இவ்வளவு நேரம் சிலையைப் பேசுவது போல் தூணைப் பேசியது பிடிக்கவில்லை, போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அட்டையும் போயிற்று, வீட்டிலும் இனிப் பேச்சு இருக்காது. சார் தரையைப் பார்த்தார். தரையைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதிகாரி பேனாவைத் தாளில் வைக்கும் நேரம் ஞானதாஸ் திரும்பி வந்தார். கையில் ஒட்டடைக் கம்பு. கம்பின் நுனியில், அப்போதுதான் பறித்த ஒரு சீமைச்சக்கை இலையைக் குத்தியிருந்தார். காம்பிலிருந்து வெள்ளைப் பால் சொட்டி அவர் மணிக்கட்டில் வழிந்தது. அதைத் துடைக்கவில்லை. பால் அவருக்குப் பழக்கம்.

யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கம்பைத் தூக்கி, தூண் தலையில் இருந்த இலைக்குப் பக்கத்தில் பச்சை இலையைப் பிடித்தார்.

எல்லோரும் அண்ணாந்தோம். வெட்டுக்கு வெட்டு, நரம்புக்கு நரம்பு. நுனி மடங்கிய இடம்கூட ஒன்றுதான். பச்சை இலை லேசாக ஆடியது, காரை இலை ஆடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

“நான் வருசா வருசம் வெரல் விட்டுத் தேய்க்கேன் மேடம்,” என்றார் ஞானதாஸ், கம்பை இறக்காமல். “கைக்கு மனசிலாவும். அவ சொல்லுதது செரிதான்.”

காக்கா என் பக்கம் சாய்ந்து, “மாப்பிள்ள நல்லாப் பாக்காரு,” என்றார்.

அதிகாரி என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்து, “உங்க முதல் குழுவை இங்கதான் கூட்டிட்டு வரணும்,” என்றார். அதுபோதும். ஆலயப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சீமைச்சக்கை மரத்து நிழல் படிக்கட்டுவரை வந்திருந்தது.

அட்டை பிறகு வந்தது. இப்போது கழுத்தில் மாட்டிக்கொண்டு சிதறால் ஏறுகிறேன். ஓணானைக் கண்டால் அதற்கும் ஒரு வணக்கம் வைக்கிறேன். எங்கள் ஆலயத்துக்கும் ஆட்களை அழைத்து வருகிறேன். சபையில் நாலு பேர் கேட்கத்தான் செய்தார்கள். எந்தத் தூண் என்று கேட்டார்கள்.

இந்த வருடம் அசனத்துக்கு முன்னால் வெள்ளையடிப்பு வந்தது. நான் தண்ணீர் கொண்டுபோனபோது அவர் ஏணியின் மேல், இரண்டாம் தூணின் தலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வாளி ஏணியில் தொங்கியது. பிரஷ் காய்ந்திருந்தது. ஒரு ஈர்க்குச்சியால் இலையின் இடுக்கிலிருந்து பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“ஏட்டி,” என்று கீழே பார்த்துக் கூப்பிட்டார். “இன்னும் எடுக்கணுமா, இது போதுமா? நமக்குப் பக்கத்துல நின்னு தெரியல்ல. நீ அங்கன நின்னு நல்லாப் பாத்துச் சொல்லு.”

நான் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன்.